பத்தடி அறையில் இருபதடி

என் கணவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. லோடு வண்டி ஓட்டுகிறவர் என்பதால், கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வண்டிச் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவருக்கு வேறு வேலை தெரியாது. மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவர். நானோ விருதுநகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் பார்வையை அளந்து எழுதுவதே என் வேலை. எனவே இந்தச் சான்றிதழ் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அது நீளமான கடையாம். எங்கள் முதலாளியும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள். முன்பாதி மூக்குக் கண்ணாடி, பின்பாதி தம்பியின் பிளாஸ்டிக் சாமான். முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சுவர் எழும்பியதில் கண் பார்க்கும் அறைக்கு மிஞ்சியது பத்தடி. எழுத்துப் பலகையை இருபதடி தள்ளி வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் வெளிச்சக் கதிர்கள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாகக் கண்ணுக்குள் நுழையும். கண் தன்னை வருத்திக்கொள்ளாமல் சும்மா இருக்கும்போது எவ்வளவு தெரிகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். மீதிப் பத்தடிக்கு எங்கே போவது? தம்பி சுவரை இடிக்க விடுவாரா?

ஆகவே எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டினோம். எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால், உட்காருகிறவரின் தலைக்கு மேலே மாட்டினோம். பலகையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் பத்தடி போய் நிலைக்கண்ணாடியில் முட்டி, பத்தடி திரும்பி வரும். எந்தச் சாய்வில் போய் முட்டியதோ அதே சாய்வில் திரும்புவது அதன் குணம். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. நாற்காலியில் இருப்பவருக்குப் பலகை சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி உள்ளே, தம்பி கடையின் வாளிகளுக்கு நடுவில் தொங்குவது போலத் தெரியும். பாகத்தில் போன பத்தடியை நிலைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டது என்று பாய் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். தம்பி காதில் விழும்படிதான் சொல்வார்.

முதலில் தமிழ்ப் பலகைதான் வைத்திருந்தோம். நிலைக்கண்ணாடியில் பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், எழுத்துகளைத் திருப்பிப் போட்டு சிவகாசியில் அச்சடித்து வாங்கினோம். வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன் பலகையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தப்பா அடிச்சுக் குடுத்திருக்கான், பாக்காம வாங்கிட்டீகளா?" என்று கேட்காத நாளில்லை. சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு அச்சில் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது. விளக்கிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது. அதைக் கழற்றிவிட்டு ஆங்கில எழுத்துப் பலகை ஒன்றைப் போட்டோம். அதில் ஏ, எச், எம், ஓ, டி, யு, வி, எக்ஸ் என்ற எட்டு எழுத்துகள்தான் மாறி மாறி வரும். நேரில் பார்த்தாலும் நிலைக்கண்ணாடியில் பார்த்தாலும் உருவம் மாறாத எழுத்துகள் அவை. உருவம் மாறாதே தவிர, வரிசை மாறிவிடும். பலகையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடப்பக்கம் இருக்கும் எழுத்து, நிலைக்கண்ணாடியில் வலப்பக்கக் கடைசிக்குப் போய்விடும். கேட்டவர்களுக்கு இதை விளக்கியிருக்கிறேன். கேட்காதவர்களையும் விட்டதில்லை.

அந்த வருஷம் இதையெல்லாம் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் என் தங்கை பட்டாசு ஆலை விபத்தில் செத்துப்போனாள். சாத்தூர்ப் பக்கம் உள்ள ஆலை. அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது என் கணவர். அதே கம்பெனியில்தான் அவர் லோடு வண்டி ஓட்டினார். ஆலையிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் சிவகாசி லாரி ஷெட்டில் இறக்க வேண்டும். காலையும் மாலையும் அதே வண்டியில் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க வேண்டும். தங்கையும் அதில்தான் போவாள், அதில்தான் வருவாள். அன்று சாயங்காலம் அவர் மட்டும் வந்தார்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். ஒரு சண்டை போட்டிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் தீர்ந்திருக்கும். வாய் திறக்கவே இல்லை. கோபமா என்று யோசித்துப் பார்த்தால் கோபம் இல்லை. அழுகையும் பதினாறு நாளோடு நின்றுபோனது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல இருந்தேன். இருப்பது தெரியும், தொட்டால் தெரியாது. சோறு வைத்தேன், சாப்பிட்டார். "வாரேன்" என்பார், "சரி" என்பேன். "தண்ணி வந்துச்சா?" என்பார், "வந்துச்சு" என்பேன். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவற்றைப் பேசாமல் ஒரு வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

கடையில் எனக்கு ஒத்துப்போன வேலை, பழைய மூக்குக் கண்ணாடிகளின் பவரைக் கண்டுபிடிப்பது. அதற்கு மிஷின் இருக்கிறது; ஆனால் எனக்குக் கையால் பார்ப்பதுதான் பிடிக்கும். லென்ஸை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அதன் வழியே எதிரே உள்ள கதவு நிலையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு லென்ஸை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஆட்டுகிற பக்கமே கதவு ஓரமும் நகர்ந்தால், அது நடுவில் ஒல்லியான மைனஸ் லென்ஸ், கிட்டப்பார்வைக்காரருடையது. வெளிச்சத்தை விரித்து அனுப்புவது. எதிர்ப்பக்கம் நகர்ந்தால், நடுவில் தடித்த பிளஸ் லென்ஸ். வெளிச்சத்தைக் குவிப்பது. பெட்டியிலிருந்து அதற்கு எதிரான லென்ஸை எடுத்து மேலே ஒட்டி வைத்து, கதவு ஓரம் நகராமல் நிற்கும் வரை மாற்றிக்கொண்டே போனால் பவர் தெரிந்துவிடும். யாரோடும் பேசத் தேவையில்லை. ஒரு கதவு ஓரத்தைப் பார்த்துக்கொண்டே காலை முழுவதையும் ஓட்டிவிடலாம்.

சில நாள் அவர் லோடு இறக்கிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கடைக்கு வருவார். முன்பெல்லாம் வந்தால் பாயோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார். அந்த மாதங்களில் நேராகக் கண் பார்க்கும் அறைக்குள் போய், எழுத்துப் பலகைக்கு ஓரடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"அங்கன என்ன பாக்கீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மாதான். நேரம் போகணும்லா" என்றார்.

என் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றுதான் அங்கே போய் நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கும் சௌகரியமாகவே இருந்தது. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையிலிருந்து ஒரு கண் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கடைக்கு வருவார். அவருக்கு உள்ளே தனி அறை. நான் வெளி அறையில் பார்வையை அளந்து ஒரு சீட்டில் எழுதி, ஆளோடு உள்ளே அனுப்புவேன். சீட்டில் பார்வை சரி என்று இருந்தால், டாக்டர் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிடுவார். வாசல் வரை கூட்டம் நிற்கும்போது அவர் வேறென்ன செய்வார்? என் சீட்டை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நானும் ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் என் கணவர் சான்றிதழுக்கு வந்தார். தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு சுத்தமாக வரவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை மூடும் கறுப்பு மூடியைக் கையில் கொடுத்தேன். நிலைக்கண்ணாடியைக் காட்டி, எல்லோருக்கும் சொல்வது போலவே, "மேல இருந்து படிங்க" என்றேன்.

மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. "ஏ" என்றார். சரி.

அடுத்த வரியில் இரண்டு எழுத்து. நிலைக்கண்ணாடியில் அது வி, ஓ. அவர், "ஓ, வி" என்றார். பாய் குர்ஆன் ஓதுவதுபோல வலமிருந்து இடமாகப் படிக்கிறாரே என்று தோன்றியது. அவசரத்தில் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "ம்ம்" என்றேன்.

அடுத்த வரியும் திருப்பித்தான் வந்தது. அதற்கடுத்ததும். நல்ல பார்வை உள்ளவர்கள்கூடக் கடைசி வரிகளில் ஒரு நொடி நின்று, கண்ணை இடுக்கி, யோசித்துச் சொல்வார்கள். இவர் எங்கேயும் நிற்கவில்லை. பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்வது போல ஒரே மூச்சில் இறங்கிப்போனார். கடைசி வரியில், "டி, ஏ, எச், ஓ, வி, எம், யு, எக்ஸ்" என்று முடித்துவிட்டு, மூடியைக் கீழே இறக்கினார்.

நிலைக்கண்ணாடியில் அந்த வரி எக்ஸில் தொடங்கி டியில் முடிந்தது. நான் திரும்பி, அவர் தலைக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தேன். அங்கே டியில் தொடங்கி எக்ஸில் முடிந்தது.

அவர் இத்தனை நாளும் நின்று பார்த்தது இதைத்தான். ஓரடி தூரத்தில் நின்று, எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்திருக்கிறார். பலகையைப் பார்த்தபடி நின்று படித்தவருக்கு, உட்காரும்போது அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும் என்பதும், நிலைக்கண்ணாடி வரிசையைத் திருப்பிப் போட்டுவிடும் என்பதும் உறைக்கவில்லை. எழுத்துகள் திருப்பிப் போட்டதாகத் தெரிந்திருந்தாலாவது யோசித்திருப்பார். அவைதான் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கின்றனவே.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதினால் அது பொய். கை ஓடியது. பக்கத்தில் இருந்த குச்சியை எடுத்து, நான்காவது வரியில் இரண்டாவது எழுத்தின் அடியில் வைத்தேன். நிலைக்கண்ணாடியில் குச்சியும் தெரியும்.

"குச்சி எதுக்கு அடியில இருக்கு?"

அவர் கழுத்தை முன்னால் நீட்டினார்.

"சொல்லுங்க."

"எச்" என்றார். அது எம்.

மூன்றாவது வரிக்குப் போனேன். தப்பு. இரண்டாவது வரியில் ஒன்றைத் தொட்டேன். "ஓவா, வியா?" என்று என்னிடமே கேட்டார். இடது கண்ணுக்கு ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வலது கண்ணுக்கு அந்த முதல் எழுத்து மட்டும். மற்றவர்கள் அறுபது மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை, அவரால் ஆறு மீட்டருக்கு, அதாவது அந்த இருபதடிக்கு, வந்துதான் படிக்க முடியும்.

அப்போதும் எனக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. எங்களிடம் ஒரு கறுப்புத் தட்டு உண்டு. சல்லடை போலப் பொடித் துளைகள் போட்டது. மங்கலாகத் தெரிகிறது என்பவரிடம் அதைக் கொடுத்து, ஒரு துளை வழியே பார்க்கச் சொல்வோம். வழக்கமாக ஒரு எழுத்திலிருந்து வரும் கதிர்கள் கண்ணின் முன்பக்கம் முழுவதிலும் விழுந்து, வளைந்து, பின்னால் ஒரு புள்ளியில் சேர வேண்டும். சேராவிட்டால் மங்கல். பொடித் துளை, சிதறுகிற கதிர்களை வெளியே நிறுத்திவிட்டு, நடுவே நேராகப் போகிற மெல்லிய கற்றையை மட்டும் உள்ளே விடும். அதனால் பவர் குறை உள்ள கண்ணுக்கு உடனே தெளிவாகிவிடும். துளை வழியே தெளிவானால் லென்ஸ் போட்டுச் சரிசெய்யலாம் என்று அர்த்தம். தெளிவாகாவிட்டால் கோளாறு லென்ஸ் போகாத இடத்தில் இருக்கிறது.

தட்டை அவரிடம் கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. அந்த எட்டு மாதத்தில் நான் எதற்காவது ஆசைப்பட்டேன் என்றால், இதற்குத்தான். தெளிவாகத் தெரியுது என்று மட்டும் சொல்லிவிடட்டும், நல்ல ஃப்ரேமாக நானே பார்த்து மாட்டிவிடுகிறேன் என்று நினைத்தேன்.

"அதே மாதிரிதான் இருக்கு" என்றார்.

"துளைக்கு நேரா கண்ண வச்சுப் பாருங்க."

"வச்சிருக்கேன்ல. அதே மாதிரிதான்."

தட்டை வாங்கி வைத்தேன். அவர் குரலை இறக்கி, "எழுதிரு புள்ள. தீபாவளி சீசன் வருது. சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றார்.

சீட்டும் பேனாவும் என் கையில் இருந்தன. முழுப் பார்வை என்று சிக்ஸ் பை சிக்ஸ் எழுதினால் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எழுதாவிட்டால் இவர் வாழ்க்கையில் செய்த ஒரே வேலை இன்றோடு சரி. அவர் வண்டியில் காலையில் ஏறுகிற பெண்களை எனக்குத் தெரியும். என் தங்கை உட்கார்ந்த இடத்தில் இப்போது மல்லாங்கிணற்றிலிருந்து வருகிற ஒருத்தி உட்காருகிறாள் என்றும் தெரியும். பெரிய தர்மசங்கடத்தில் தவித்தேன் என்று சொல்ல முடியவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை. வலது சிக்ஸ் பை சிக்ஸ்டி, இடது சிக்ஸ் பை தர்ட்டி சிக்ஸ் என்று, மற்றவர்களுக்கு எழுதுவது போலவே எழுதினேன்.

சீட்டை அவர் கையில்தான் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, "சாயங்காலம் உனக்குப் புரோட்டா வாங்கிட்டு வாரேன்" என்றார். நான் எழுதியதை அவரால் படிக்க முடியவில்லை என்பது அதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவரே அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

டாக்டர் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்க வீட்டுக்காரர்தானம்மா?"

"ஆமா சார்."

"சொட்டு மருந்து விட்டு உக்கார வைங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பாக்கிறேன்."

மருந்து விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன எழுதுன?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"உள்ளதத்தான்."

மருந்து கன்னத்தில் வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை. பாய் யாரிடமோ ஃப்ரேம் காட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படியே போனது.

டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, தடித்த பிளஸ் லென்ஸ் ஒன்றை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். அந்த லென்ஸில் கண்ணின் பின்திரை தலைகீழாகத் தெரியும். டாக்டர்கள் அதை மனதுக்குள் நிமிர்த்திக்கொள்வார்கள். வலது கண்ணை நெடுநேரம் பார்த்தார். இடது கண்ணையும் பார்த்துவிட்டு லென்ஸை மேசையில் வைத்தார்.

"ரெண்டு கண்ணுலயும் சரியா நடுவுல தழும்பு இருக்கு. வெல்டிங் வெளிச்சம் ஏதாவது பாத்தீங்களா? கிரகணம் பாத்தீங்களா?"

"இல்ல சார்" என்றார். பிறகு, "எங்க ஆலையில வெடிச்சத பாத்தேன்" என்றார்.

"அது ஒரு நொடிதான?"

"இல்ல சார். மொத ரூமுதான் வெடிச்சுது. பக்கத்து ரூமுல கலர் மருந்து காயப் போட்டிருந்தது. அது வெடிக்கல, நின்னு எரிஞ்சுச்சு. வெள்ளை வெளேர்னு. எல்லாரும் ஓடிட்டாக. எங்கொழுந்தியா அந்த ரூமுக்குள்ளதான் இருந்துச்சு. டிபன் வாளிய மறந்துட்டேன் அத்தான், எடுத்துட்டு ஓடியாந்துருதேன்னு சொல்லிட்டுப் போச்சு. வண்டியத் திருப்பி நிப்பாட்டிட்டு அந்த வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தீப்பிடிச்ச பொறவும் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளிய வந்துரும்னு பாத்தேன். அணையிற வரைக்கும் பாத்தேன்."

டாக்டர், "அதனாலயும் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கண்ணுக்குள் இருப்பதும் ஒரு பிளஸ் லென்ஸ். நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ, அதிலிருந்து வரும் வெளிச்சத்தை அது திரையின் நட்டநடுவில் குவிக்கும். வெயிலில் பிடித்த லென்ஸ் காகிதத்தைப் பொசுக்குவதும் அதே முறையில்தான். முகத்தைத் திருப்பியிருந்தால் வெளிச்சம் ஓரத்தில் எங்காவது விழுந்திருக்கும். அவர் திருப்பவில்லை. அந்த வாசல் விழுந்த இடம் மட்டும் அவருக்குப் போய்விட்டது. என் தங்கை டிபன் வாளியை எடுக்கத் திரும்பிப் போனாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் கேட்டதில்லை.

"எட்டு மாசமா வெளிய சொல்லாம இப்படியேவா வண்டி ஓட்டுனீங்க?" டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க வீட்டம்மா இங்கயேதான இருக்காங்க! ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் பாக்கிறாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவளுக்குத் தெரியும்னுல சார் இருந்தேன்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டா சார். தெனம் நூறு கண்ணு பாக்கிறவ, எங்கண்ணு போனத பாக்காமலா இருப்பா? எல்லாம் தெரிஞ்சுதான், வண்டி ஓட்டம் நின்னுறக் கூடாதுன்னு வாயக் கட்டிட்டு இருக்கான்னு நெனச்சேன். இன்னைக்கும் சரின்னு எழுதிருவான்னுதான் வந்தேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து வந்த முடிவை டாக்டரிடம் சொன்னார், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நூறு கண் பார்க்கிறவள் வீட்டில் ஒரு ஜோடிக் கண்ணைப் பார்க்கவே இல்லை என்று யார்தான் நினைப்பார்கள்?

மூக்குக் கண்ணாடியால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். ஓரப்பார்வை அப்படியே இருக்கிறது, நடமாட்டத்துக்குப் பயமில்லை, மதுரைக்கு வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். சான்றிதழை மடித்து, கையெழுத்துப் போடாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மருந்து விட்ட கண் வெளி வெளிச்சத்தைத் தாங்காது. அதனால் வெயில் தாழும்வரை கடையிலேயே இருந்தோம். அவரே கம்பெனிக்குப் போன் செய்து, வண்டி கடை வாசலில் நிற்கிறது, ஓட்டிக்கொண்டு போக வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொன்னார். என்ன காரணம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "கண்ணு தெரியல" என்றார். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை, பஸ் போயிருச்சு என்பது போலச் சொன்னார். சாவியை எடுத்துப் பாயின் மேசைமேல் வைத்தார். பாய் டீ வாங்கிவரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

பெஞ்சில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். தாடி ஓரத்தில் நரை ஏறியிருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வலது காதுக்குப் பக்கத்தில், ஃப்ரேம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. கன்னத்தில் ஊசி மருந்து இறங்கி வலி தொடங்குவது போலத்தான் வந்தது.

"நான் இங்கன இருக்கேன். அங்கன எதப் பாக்கீக?" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பும் அளவுக்குக் குரல் ஏறிவிட்டது.

"ஒம் மூஞ்சியத்தான் பாக்கேன்" என்றார். "நேரா பாத்தா நீ இருக்க எடத்துல வெறும் பொகதான் தெரியுது. இப்படிக் காதுப் பக்கமா பாத்தாத்தான் மூஞ்சி தெரியுது. எட்டு மாசமா ஒன்ன இப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் அழுதேன். துடைக்கக் கை போனது; முகத்தை அவரிடமிருந்து மறைத்துவிடும் என்று இறக்கிக்கொண்டேன்.